ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கறது: விலைப் பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்னு தேடினா ஆசானா, ட்ரெல்லோ, ஜிரா, மண்டே, கிளிக்அப், பேஸ்கேம்ப், ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ், ஸ்மார்ட்ஷீட்னு வரிசையா வருது, எந்தப் பக்கத்துக்குள்ள போனாலும் போர்டு இருக்கு, காலண்டர் இருக்கு, சார்ட் இருக்கு, இப்ப ஏஐயும் இருக்குன்னு ஒரே மாதிரி தான் எழுதியிருக்கு. ஒப்பிட்டுப் பாக்கற அட்டவணைல எல்லா கட்டத்துலயும் டிக் விழுந்திருந்தா அதை வச்சு என்ன முடிவு எடுக்க முடியும்? கடைசில தெரிஞ்சவங்க யாரோ சொன்னதை வாங்கிடறாங்க, மூணு மாசம் கழிச்சுப் பாத்தா வேலை திரும்பவும் வாட்ஸ்அப்லயும் எக்ஸெல்லயும் தான் நடக்குது, சந்தா மட்டும் மாசா மாசம் போயிட்டே இருக்கு.

இதுக்கு அடிப்படைக் காரணம் ஒண்ணு தான். வாங்கற முடிவை எடுக்கறது மேனேஜர், ரிப்போர்ட் பாக்கறதும் அவர் தான், ஆனா அதுக்குள்ள தகவலைப் போடறது தினமும் வேலை செய்யறவங்க. போடறவங்களுக்கு அதனால என்ன பிரயோஜனம்ங்கற கேள்வியைக் கேக்காம வாங்கின எதுவும் நிலைக்காது. கீழ சொல்ற எல்லாமே சுத்திச் சுத்தி இந்த இடத்துக்கு தான் வரும்.

அடிப்படை: உள்ள என்ன இருக்கு

எந்த பேர்ல வித்தாலும் அடில இருக்கறது ஒரு டேட்டாபேஸ். அதுல ஒவ்வொரு வரியும் ஒரு டாஸ்க், அதாவது ஒருத்தர் செஞ்சு முடிக்க வேண்டிய ஒரு வேலை. ஒரு டாஸ்க்குக்கு நாலு விஷயம் கண்டிப்பா வேணும்:

1. யார் பொறுப்பு. ஒரே ஒரு பேர். ரெண்டு பேர் போட்டா ரெண்டு பேருமே இன்னொருத்தர் பாத்துப்பார்னு விட்டுடுவாங்க.
2. எப்ப முடியணும்.
3. இப்ப எந்த நிலைல இருக்கு, அதாவது ஸ்டேட்டஸ்.
4. வேற எந்த வேலை முடிஞ்சா தான் இதைத் தொடங்க முடியும். இதுக்குப் பேர் டிபென்டென்சி.

முதல் மூணை எக்ஸெல் ஷீட்லயே வச்சுக்கலாம், பல சின்ன டீம் அப்படித் தான் ஓட்டறாங்க, அதுல தப்பும் இல்ல. நாலாவது வரும்போது தான் ஷீட் திணற ஆரம்பிக்கும், ஏன்னா ஒரு தேதி மாறினா அதை நம்பி இருக்கற பத்து தேதியையும் யாராவது கைல மாத்தணும், மாத்த மறந்தா ஷீட் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். அதோட, ஒரே ஷீட்டோட மூணு காப்பி மூணு பேர்கிட்ட இருக்கறது, யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு தெரியாதது, இந்த ரெண்டும் சேர்ந்தா அப்ப சாஃப்ட்வேர் பக்கம் போகலாம். அதுக்கு முன்னாடி போகணும்னு கட்டாயம் இல்ல.

உங்க வேலை எந்த மாதிரி

இந்தச் சந்தைல இருக்கற எல்லா கருவியும் மூணு பழைய யோசனைல ஏதோ ஒண்ணுல இருந்து கிளம்பினது. அந்த மூணு யோசனை புரிஞ்சா பாதி பட்டியலை நீங்களே அடிச்சுடலாம்.

*ஒண்ணு, தேதி வரிசைல போற வேலை.* கேன்ட் சார்ட்னு சொல்றாங்களே, இடமிருந்து வலமா பட்டை பட்டையா தேதி போட்டது, அது 1910கள்ல ஹென்றி கேன்ட்ங்கற அமெரிக்க இன்ஜினியரால பரவலானது, அதுக்கு முன்னாடியே போலந்துல கரோல் ஆடமியெட்ஸ்கி இதே மாதிரி ஒண்ணு பண்ணியிருந்தார். 1950களோட கடைசில டுபாண்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து கிரிட்டிக்கல் பாத்ங்கற கணக்கை உருவாக்கினாங்க, அதே சமயத்துல அமெரிக்க கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட்ங்கற திட்டமிடற முறையைக் கொண்டு வந்தது. 1984ல டாஸ்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் இந்த வழில வந்தது தான்.

கிரிட்டிக்கல் பாத்னா என்னன்னு ஒரு வெப்சைட் வேலையை வச்சுப் பாக்கலாம். டிசைன் 4 நாள். டிசைன் முடிஞ்சதும் புரோகிராமிங் 8 நாள். கன்டென்ட் எழுதறது 6 நாள், இது டிசைனோட சேர்ந்தே முதல் நாள் தொடங்கலாம். புரோகிராமிங், கன்டென்ட் ரெண்டும் முடிஞ்சா தான் ஏத்தற வேலை, அது 2 நாள். அப்புறம் டெஸ்டிங் 3 நாள். டிசைன், புரோகிராமிங், ஏத்தறது, டெஸ்டிங், இந்த வரிசை 4+8+2+3, மொத்தம் 17 நாள். இது தான் கிரிட்டிக்கல் பாத். கன்டென்ட் எழுதறவர் 5 நாள் லேட் பண்ணாலும் 17 நாள் 17 நாளாவே இருக்கும், ஏன்னா அவருக்கு 6 நாள் இடைவெளி இருக்கு. டிசைனர் ஒரே ஒரு நாள் லேட் பண்ணா முழு ப்ராஜெக்ட்டும் ஒரு நாள் தள்ளும். அப்ப மேனேஜர் யார்கிட்ட போய் நிக்கணும்? கணக்கு தெரியாதவர் கன்டென்ட் ஆள்கிட்ட போய் கத்திட்டிருப்பார். கட்டுமானம், ஈவென்ட், மெஷின் நிறுவறது, சட்டப்படி கெடு உள்ள வேலை, இதுக்கெல்லாம் இந்தக் கணக்கைத் தானா போடற கருவி வேணும். ஒண்ணு கவனிங்க, கேன்ட் மாதிரி பட்டை வரைஞ்சு காட்டற கருவி எல்லாம் இந்தக் கணக்கைப் போடறது இல்ல, சிலது படம் மட்டும் தான் காட்டும். ட்ரையல்ல ஒரு டாஸ்க்கோட தேதியை ஒரு நாள் தள்ளிப் பாருங்க, பின்னாடி இருக்கறதும் தானா தள்ளுதான்னு பத்து செகண்ட்ல தெரிஞ்சிடும்.

*ரெண்டு, வந்துக்கிட்டே இருக்கற வேலை.* சப்போர்ட், கன்டென்ட், ரிப்பேர், டிசைன் ரிக்வஸ்ட், இதுக்கெல்லாம் முடிவு தேதினு ஒண்ணு கிடையாது, இன்னிக்கு பத்து வரும் நாளைக்கு பதினஞ்சு வரும். இதுக்கு கான்பான் போர்டு. டொயோட்டா தொழிற்சாலைல தாயிச்சி ஓனோ உருவாக்கின முறை, அந்த ஜப்பானிய வார்த்தைக்கு அறிவிப்புப் பலகைனு அர்த்தம். செய்யணும், செய்யறோம், முடிஞ்சதுன்னு மூணு பத்தி போட்டு கார்டை நகத்தறது. 2011ல வந்த ட்ரெல்லோ இதை எல்லாருக்கும் பழக்கப்படுத்திச்சு.

ஆனா பத்தி போட்டு கார்டு ஒட்டினா கான்பான் ஆகிடாது. அதோட உயிர் ஒரே நேரத்துல எத்தனை வேலை கைல இருக்கலாம்ங்கற வரம்புல தான் இருக்கு. இதுக்குப் பின்னாடி ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச ஒரு கணக்கு இருக்கு: கைல இருக்கற வேலையோட எண்ணிக்கையை, ஒரு வாரத்துல முடியற எண்ணிக்கையால வகுத்தா, ஒரு வேலை முடிய சராசரியா எத்தனை வாரம் ஆகும்னு வரும். செய்யறோம்ங்கற பத்தில 12 கார்டு இருக்கு, வாரத்துக்கு 3 முடியுதுன்னா ஒரு கார்டு சராசரி 4 வாரம் கிடக்கும். ஆள் ஒருத்தரைக் கூட கூட்டாம, அதே 3 முடியற வேகத்துல, கைல 6க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு வச்சா 2 வாரமா குறையும். வேலை கேட்டு வர்றவங்களுக்கு இது ரொம்ப பெரிய வித்தியாசம். அதனால போர்டு அழகா இருக்கான்னு பாக்கறதை விட, ஒரு பத்தில வரம்பு வைக்க முடியுதா, தாண்டினா எச்சரிக்குதான்னு பாருங்க.

*மூணு, முன்கூட்டியே முழுசா தெரியாத வேலை.* சாஃப்ட்வேர் உருவாக்கறவங்க வேலை பெரும்பாலும் இப்படித் தான். 1995ல கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் முன்வச்ச ஸ்க்ரம்ங்கற வேலை முறை, 2001ல 17 பேர் கையெழுத்துப் போட்ட அஜைல் அறிக்கை, இதுல இருந்து வந்தது தான் ஸ்பிரிண்ட் (ரெண்டு வாரம் மாதிரி ஒரு சின்ன கால அளவு), பேக்லாக் (செய்ய வேண்டியதோட வரிசைப்படுத்தின பட்டியல்) எல்லாம். 2002ல வந்த ஜிரா முதல்ல பக் (புரோகிராம்ல வர்ற பிழை) பதிவு பண்ற கருவியா இருந்து பின்னாடி இந்தப் பக்கம் வளர்ந்தது. உங்க டீம்ல புரோகிராமர்களே இல்லன்னா இந்த வார்த்தைகளைக் கேட்டு மயங்கி இந்த வகையை வாங்காதீங்க, கணக்கு டிபார்ட்மென்ட்ல இருக்கறவங்களை ஸ்டோரி பாயிண்ட் (ஒரு வேலை எவ்வளவு பெரிசுங்கறதுக்குப் போடற எண்) போட வைக்கறது அவங்க நேரத்துக்கு செய்யற அநியாயம்.

நிறைய பிசினஸ்ல மூணும் கலந்து இருக்கும். அப்ப எந்த வகை வேலை சொதப்பினா பணமும் கஸ்டமரும் போகுமோ அதுக்கு ஏத்ததை எடுங்க, மத்தது ரெண்டும் அதுல கொஞ்சம் சுமாரா ஓடினாலும் பரவாயில்ல.

நிரப்பற கைக்கு எவ்வளவு வேலை

ஒரு கணக்கு. 20 பேர் இருக்கற டீம், ஒவ்வொருத்தரும் ஸ்டேட்டஸ் மாத்த, கமென்ட் போட, நேரம் பதிய தினமும் 10 நிமிஷம் செலவு பண்றாங்க. ஒரு நாளைக்கு 200 நிமிஷம். மாசம் 22 வேலை நாள்னா 4,400 நிமிஷம், அதாவது 73 மணி நேரத்துக்கு மேல. விலைப் பக்கத்துல இந்தச் செலவு எங்கயும் இருக்காது. பத்து நிமிஷத்தை மூணு நிமிஷமா குறைக்கற கருவி சந்தா கொஞ்சம் கூட இருந்தாலும் லாபம் தான்.

இதை எப்படி அளக்கறது? ஆபீஸ்ல இல்லாம வெளில வேலை செய்யற ஒருத்தர்கிட்ட மொபைலைக் குடுங்க. ஒரு வேலையை முடிச்சதா குறிச்சு ஒரு போட்டோ சேர்க்கச் சொல்லுங்க. ஆப் திறக்கறது, ப்ராஜெக்ட் தேடறது, டாஸ்க் தேடறது, ஸ்டேட்டஸ் மாத்தறது, கட்டாயம்னு சிவப்புல நிக்கற ரெண்டு ஃபீல்டை நிரப்பறது, போட்டோ, சேவ். எத்தனை தடவை தட்டறார்னு பக்கத்துல நின்னு எண்ணுங்க. அவர் கைல கிளவுஸ் இருக்கலாம், சிக்னல் விட்டு விட்டு வரலாம், அவருக்கு ஆங்கிலம் தடுமாறலாம். அந்த இடத்துல ஓடற கருவி தான் ஓடும், கான்ஃபரன்ஸ் ரூம் ப்ரொஜெக்டர்ல காட்டற டெமோல எல்லாமே நல்லாத் தான் ஓடும்.

கட்டாய ஃபீல்டு பத்தி ஒரு வார்த்தை. மேனேஜருக்கு ரிப்போர்ட்ல எல்லாம் தெரியணும்னு ஆசை, அதனால ப்ரையாரிட்டி, வகை, எஸ்டிமேட், டிபார்ட்மென்ட்னு எட்டு ஃபீல்டை கட்டாயமாக்கிடுவாங்க. என்ன நடக்கும்னா எல்லாரும் லிஸ்ட்ல முதல்ல இருக்கறதையே தேர்ந்தெடுத்து சேவ் பண்ணிட்டு போவாங்க. ரிப்போர்ட் நிரம்பி இருக்கும், அதுல உண்மை இருக்காது. காலியா இருக்கற ஃபீல்டாவது தெரியலன்னு நேர்மையா சொல்லுது.

அதே மாதிரி தான் நோட்டிஃபிகேஷன். ஒரு டாஸ்க்கை 6 பேர் பாத்துட்டிருந்தா ஒவ்வொரு கமென்ட்டுக்கும் 6 மெயில், ஒரு நாள்ல 15 டாஸ்க்ல பேச்சு நடந்தா யாருக்கும் எதையும் படிக்க முடியாது, எல்லாரும் மொத்தமா ம்யூட் பண்ணிடுவாங்க, அப்புறம் நிஜமா முக்கியமான ஒண்ணு வந்தாலும் கண்ணுல படாது. எதுக்கு மெயில் வரணும் எதுக்கு வேண்டாம்னு ஆளுக்கு ஆள் மாத்த முடியணும்.

விலைல எங்க மாட்டுவீங்க

பெரும்பாலும் ஒரு ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு தான் கணக்கு, இதை சீட்னு சொல்றாங்க. மாட்டற இடங்கள் இவை:

1. ஒருத்தருக்கு மட்டும் ஒரு வசதி வேணும்னாலும் பொதுவா மொத்த டீமையும் மேல் பிளானுக்கு மாத்தணும். 20 பேர்ல ஒரே ஒரு மேனேஜருக்கு டைம் ரிப்போர்ட் வேணும்னா 20 சீட்டுக்கும் விலை ஏறும்.
2. பாக்க மட்டும் வர்றவங்க, வெளி ஆளுங்க, கஸ்டமர், இவங்களை சீட்டா எண்ணுவாங்களா இல்லையான்னு கருவிக்குக் கருவி மாறும். உங்க ஆள் எண்ணிக்கையை தினமும் எழுதறவங்க, எப்பயாவது பாக்கறவங்க, வெளியாளுங்கன்னு மூணா பிரிச்சு வச்சுக்கிட்டு விலை கேளுங்க.
3. கம்பெனி ஐடி வச்சு உள்ள போற ஒற்றை லாகின், யார் என்ன பண்ணாங்கங்கற ஆடிட் லாக், இதெல்லாம் பாதுகாப்புக்கு அடிப்படை, ஆனா நிறைய இடத்துல விலை கூடின பிளான்ல தான் வைக்கறாங்க.
4. இலவச பிளான் இன்னிக்கு இருக்கற மாதிரியே நாளைக்கும் இருக்கும்னு உத்தரவாதம் இல்ல. ட்ரெல்லோ 2024ல இலவச வொர்க்ஸ்பேஸுக்கு 10 பேர்ங்கற வரம்பு வச்சது.

சொந்த சர்வர்ல போட்டுக்கறவங்களுக்கு 2006ல வந்த ரெட்மைன், ஓப்பன்ப்ராஜெக்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் கருவிகள் இருக்கு, லைசென்ஸுக்கு காசு கிடையாது. ஆனா சர்வர், பேக்கப், அப்டேட், பாதுகாப்புக் குறை வந்தா அடைக்கறது எல்லாம் உங்க தலைல. அதைப் பாக்க ஒரு ஆள் இருந்தா ரொம்ப நல்ல வழி, இல்லன்னா வேண்டாம்.

வெளில வர்ற வழி

இதை யாரும் வாங்கும்போது பாக்கறது இல்ல, எனக்கு இதுல தான் அக்கறை அதிகம், ஏன்னா மூணு வருஷம் கழிச்சு அதுக்குள்ள இருக்கப் போறது உங்க கம்பெனியோட ஞாபகம். இந்தத் துறைல கருவிகள் மூடப்படறது புதுசு இல்ல. வுண்டர்லிஸ்ட்ங்கற டாஸ்க் பட்டியல் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2015ல வாங்கி 2020 மே மாசம் நிறுத்திடுச்சு. ஜிராவை உருவாக்கின அட்லாசியன் கம்பெனி தன்னோட சர்வர் வகை கருவிகளுக்கு 2024 பிப்ரவரியோட சப்போர்ட்டை முடிச்சது, சொந்த சர்வர்ல ஜிரா வச்சிருந்தவங்க கிளவுடுக்கோ விலை கூடின வேற வகைக்கோ மாற வேண்டி வந்தது.

மூடாம இருந்தாலும் ஆபத்து உண்டு. 2022 ஏப்ரல்ல அட்லாசியன்ல ஒரு பழைய ஆப்பை நீக்கறதுக்காக ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினாங்க. அந்த ஆப்போட அடையாள எண்களைக் குடுக்கறதுக்கு பதிலா கஸ்டமர் சைட்டோட எண்களைக் குடுத்துட்டாங்க, ஸ்கிரிப்ட்டும் நிரந்தரமா அழிக்கற முறைல ஓடிச்சு. 775 கஸ்டமர்களோட சைட் போச்சு. பேக்கப் இருந்தது, ஆனா எல்லார் தகவலும் கலந்து இருக்கற இடத்துல இருந்து இந்த சில நூறு பேரோடதை மட்டும் பிரிச்சு எடுத்து மீட்கறது நினைச்ச மாதிரி சீக்கிரம் நடக்கல, சிலருக்கு 14 நாள் வரைக்கும் ஆச்சு. ரெண்டு வாரம் யார் என்ன வேலை செய்யணும்னு தெரியாம ஒரு கம்பெனி இருக்கறதை யோசிச்சுப் பாருங்க.

அதனால ட்ரையலோட முதல் வாரத்துலயே எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. வர்ற ஃபைலைத் திறந்து நாலு விஷயம் தேடுங்க:

1. கமென்ட் எல்லாம் இருக்கா. சிஎஸ்வி ஃபைல்ல (எக்ஸெல்ல திறக்கற சாதாரண அட்டவணை) பெரும்பாலும் டாஸ்க் பேர், தேதி, ஆள் மட்டும் வரும், ஏன் அப்படி முடிவு பண்ணோம்ங்கற பேச்சு வராது.
2. அட்டாச்மென்ட் ஃபைலா வருதா, இல்ல லிங்க்கா மட்டும் வருதா. லிங்க்னா அக்கவுண்ட் மூடின அன்னிக்கே அது செத்துடும்.
3. எந்த டாஸ்க் எதை நம்பி இருந்ததுங்கற தொடர்பு.
4. யார் எப்ப மாத்தினாங்கங்கற வரலாறு.

நாலும் வர்றது அபூர்வம். எது வராதுன்னு தெரிஞ்சு வாங்கறதுக்கும் தெரியாம வாங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, முடிவுகளை தனியா ஒரு டாக்குமென்ட்ல எழுதி வைக்கற பழக்கத்தை முதல் நாளே தொடங்கிடலாம். மாசம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் எடுத்து வேற இடத்துல வைக்கற வேலையை ஒருத்தர் பேர்ல போட்டுடுங்க.

மத்த வசதிகளைப் பத்தி சுருக்கமா. மெயில், சாட், ஃபைல் ஸ்டோரேஜ் இதோட இணையறது இப்ப எல்லாத்துலயும் ஓரளவு இருக்கு, நீங்க நிஜமா பயன்படுத்தற ரெண்டை மட்டும் சோதிச்சா போதும். ஏஐ சுருக்கம் உள்ள இருக்கறதைத் தான் சுருக்கும், ஒரு மாசமா யாரும் அப்டேட் பண்ணாத போர்டை அது தெளிவான தமிழ்லயோ ஆங்கிலத்துலயோ தப்பா சொல்லும்.

ட்ரையலை எப்படி நடத்தறது

ரெண்டு கருவிக்கு மேல ட்ரையல் எடுக்காதீங்க, மூணாவது வந்ததும் எல்லாரும் களைச்சுடுவாங்க. டம்மி ப்ராஜெக்ட்டும் வேண்டாம், ஏன்னா டம்மில யாரும் லேட் ஆகறது இல்ல, யாரும் லீவு எடுக்கறது இல்ல, கஸ்டமர் நடுவுல மனசை மாத்தறது இல்ல. மூணு நாலு வாரத்துல முடியற நிஜ ப்ராஜெக்ட் ஒண்ணை எடுத்து, அதை அங்க மட்டும் நடத்துங்க. டீம்ல இதெல்லாம் எதுக்குன்னு கேக்கற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், அவரை முதல் ஆளா சேருங்க. அவர் சொல்ற குறைல பாதி கருவியோட குறையா இருக்கும், மீதி உங்க வேலை முறையோட குறையா இருக்கும், ரெண்டுமே காசு கட்டறதுக்கு முன்னாடி தெரிய வேண்டியது.

ரெண்டாவது வார முடிவுல டேஷ்போர்டை விட்டுட்டு ஒரே ஒரு விஷயம் பாருங்க: மேனேஜர் கேக்காம, மீட்டிங்குக்கு அரை மணி முன்னாடி அவசரமா இல்லாம, வேலை நடக்கற நேரத்துலயே எத்தனை டாஸ்க் அப்டேட் ஆச்சு. அப்டேட் நேரம் பெரும்பாலான கருவிலயும் பதிவாகும், எடுத்துப் பாக்கலாம். எல்லாமே திங்கக்கிழமை காலைல ஒன்பதுல இருந்து ஒன்பதரைக்குள்ள குவிஞ்சு கிடந்தா அந்தக் கருவியை அவங்க உங்களுக்காக நிரப்பறாங்க, தங்களுக்காக இல்ல. எதை மாத்தினா தங்களுக்கும் பயன்படும்னு அவங்களைக் கேளுங்க, பதில் சில நேரம் ரொம்ப சின்னதா இருக்கும், இன்னிக்கு என் பேர்ல இருக்கறது மட்டும் முதல் திரைல வரணும்ங்கற அளவுக்கு.

மாறறதுன்னு முடிவு ஆனதும் பழைய ஷீட்டுக்கு ஒரு தேதி வைங்க, அன்னிலருந்து அதைப் படிக்க மட்டும் முடியற மாதிரி பூட்டிடுங்க. பழைய டாஸ்க் எல்லாத்தையும் இழுத்துட்டு வராதீங்க, முடியாம நிக்கறது மட்டும் வரட்டும். வாட்ஸ்அப்ல யாராவது வேலை குடுத்தா, குடுத்தது முதலாளியாவே இருந்தாலும், அதை டாஸ்க்கா மாத்தி அந்த லிங்க்கை அதே க்ரூப்ல போடற வேலையை முதல் ஒரு மாசத்துக்கு ஒருத்தர் பொறுப்புல விடுங்க.